ஒரு செம்பு தண்ணீர்

ஈஸ்டர் விடியல். வயலோரக் கல்லறைத் தோட்டத்தில் நேற்றுப் பூசிய சுண்ணாம்பு இன்னும் மணக்கிறது. "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்று போதகர் குரல் கொடுக்க, "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று சபை முழங்குகிறது, நாற்றங்காலில் இருந்த கொக்குகள் மிரண்டு கிளம்புகின்றன. ஆறு மாதத்துக்கு முன் இறந்த கணவன் ஏசுபாதத்தின் தலைமாட்டில் பரிமளா குந்துகிறாள். நடவுக்குப் போகிற காலைகளில் முகத்தில் தண்ணீர் தெளித்தால்தான் எழுந்திருப்பான் அந்த மனுஷன். இன்றும் செம்போடு வந்திருக்கிறாள். சாமந்திப்பூக்களின் மேல் சில்லென்று தெளிக்கிறாள். "யோவ், கடைசி நாள்ல எக்காளம் ஊதறப்போ செத்தவங்க அல்லாரும் எய்ந்து பூடுவாங்க. நீ மட்டும் தூங்கிக்கினு கெடக்காதே!" மெழுகுவத்தி ஏற்றும் பெண்கள் கொல்லென்று சிரிக்கிறார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். ஆனாலும் அவனை நம்ப முடியவில்லை. பக்கத்துக் கல்லறையில் மாமியார் எஸ்தர். இருந்தவரை இருவரும் முகம்கொடுத்துப் பேசியதில்லை. பரிமளா மிச்சத் தண்ணீரோடு செம்பை அங்கே நகர்த்தி வைக்கிறாள். "அத்தே, நீ கோயி கூவறதுக்கு மின்னாடியே எய்ந்துக்கிறவ. அன்னிக்கி நான் எந்த நடவுல கீறேனோ, இன்னாவோ. நீதான் உன் புள்ள மூஞ்சில தெளிச்சி எய்ப்பணும்."