மீனுக்கு இரண்டாவது சாட்சி

மீன் வந்தபோது அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம்.

பொறியாளர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். மீன் பாதுகாப்பு அதிகாரி தன் மாற்றல் விஷயமாகப் போனில் யாரிடமோ குழைந்துகொண்டிருந்தார். இருவரும் தலைமை அலுவலகத்திலிருந்து இன்று ஒரு நாளுக்காக வந்தவர்கள். கால்வாய் விவசாயிகள் சங்கத் தலைவி கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, அவர்கள் இருவரையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தடுப்பணைக்கு அடியில் இருக்கும் ஈர வாடை அடிக்கும் அறை. சுவரில் கதவளவு கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் மீன்வழி. அதாவது, மீன்கள் அணையைத் தாண்டி மேலே போய் முட்டையிடுவதற்காகப் படிப்படியாகக் கட்டிய வாய்க்கால். அருகிவரும் மீனினம் ஒன்று அழிந்துவிடக் கூடாது என்று பெரிய மனதோடு கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் அதில் தண்ணீர் ஓட வேண்டும் என்பது அவர்களுக்கு உறைத்தது.

அதனால் ஒரு விதி போட்டார்கள். இந்தப் பருவத்தில் அந்த மீன் ஒன்றாவது ஏறினால் மீன்வழி திறந்திருக்கும். ஏறாவிட்டால் இன்று மாலை ஐந்து மணிக்கு அதை அடைத்துவிட்டு, அந்தத் தண்ணீரையும் கால்வாய்க்குத் திருப்பிவிடுவார்கள்.

கடைசித் தேதியை மீனுக்கு யாரும் முறைப்படி தெரிவிக்கவில்லை.

மீன் ஏறினால் கால்வாயின் கடைமடையில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காயும். தலைவியின் வயல் அங்கேதான். ஏறாவிட்டால் மீனும் போகும், என் வேலையும் போகும். எதை வேண்டிக்கொள்வது என்று காலையிலிருந்து யோசித்தேன். நான் முடிவெடுக்கும்வரை மீன் காத்திருக்கவில்லை.

தலைவியின் இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே தெரிந்த இடைவெளியில் வந்தது. உள்ளங்கை நீளம்.

முதலில் மீசையைப் பார்க்க வேண்டும். நான்கு. அடுத்து விலாவில் சிவப்புக் கோடு. இருந்தது. அடுத்து வால் பிளவு. அதற்குள் போய்விட்டது.

"வந்துச்சு," என்றேன்.

சொன்னதுமே சந்தேகம் பிடித்துக்கொண்டது. நான்கு மீசையா, இரண்டு மீசையும் அதன் நிழலுமா? கோடு உண்மையிலேயே சிவப்பா, இல்லை என் வேலை மேல் உள்ள ஆசையா?

பொறியாளர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கூட யாரு பாத்தா?"

விதியின் அடுத்த வரி அது. பதிவுத் திருமணத்துக்குக் கேட்பதுபோல இதற்கும் சாட்சிகள் வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்தால் அது மீன் அல்ல, அபிப்பிராயம். இந்த விதியை எழுதியவர்கள்தான் பார்க்கும் வேலைக்கு ஒரே ஒரு ஆளை நியமித்தார்கள். கேமரா வாங்குவதற்கான கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது, மீனைவிடக் கொஞ்சம் மெதுவாக.

பாதுகாப்பு அதிகாரி போனைக் கையால் பொத்திக்கொண்டார். "நான் லைன்ல இருந்துட்டேனேம்மா," என்றார் வருத்தமாக. மீனைப் பாதுகாப்பதுதான் அவர் பதவி. பார்ப்பது அதில் சேராது.

பொறியாளர் சிரித்தார்.

"வேலை போயிடும்னா மெதக்குற இலைக்குக்கூட மீசை மொளைக்கும். சரி, அடைக்கச் சொல்லிடறேன்."

வாயைத் திறந்தேன். என்னையே நம்பாத நான் அவரை எந்த முகத்தோடு மறுப்பது? மூடிக்கொண்டேன்.

"இருங்க சார்," என்றார் தலைவி. "நானும்தான் பாத்தேன். இந்தப் பொண்ணு ஒண்ணுங்குது. போனது ரெண்டு."

பொறியாளர் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசுங்கம்மா. அது உங்க தண்ணி. உங்க ஆளுங்க உங்கள சும்மா விடுவாங்களா?"

"அது என் பாடு. நீங்க ரெண்டுன்னு எழுதிக்குங்க."

நஷ்டப்படுகிறவரே சொல்லும் சாட்சியை மறுக்க விதியில் இடமில்லை. எழுதிக்கொண்டார்.

ஐந்து மணி ஆனது. யாரும் எதையும் அடைக்கவில்லை. பாதுகாப்பு அதிகாரி மட்டும் போனில் உற்சாகமாகிவிட்டார். தன் பொறுப்பில் அந்த மீனினம் ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிட்டதாம். மாற்றலுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் படியேறி மேலே வந்தபோது தலைவி ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, கிளப்பி வைத்திருந்தார். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். தினமும் இந்த நேரத்துக்கு மாலை வகுப்பு வாசலில் என்னை இறக்கிவிடுவது அவர்தான்.

வழியில் கால்வாய் முழங்கால் அளவுக்குக்கூட இல்லை. மக்காச்சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. எங்களுடையது கொஞ்சம் அதிகமாகவே சுருண்டிருந்தது.

வயலைத் தாண்டியதும் அம்மா வேகத்தைக் குறைத்தாள். பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"ஏண்டி, அந்த மீனு பாக்க எப்படி இருக்கும்?"