கோட்டைக் காவல்

எரிந்தது கிழக்கு மதிலா, மேற்கு மதிலா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டாயிரம் வீரர்கள் மாண்டார்கள் என்று ஞாபகம், கூடவும் இருக்கலாம். கடைசி வீரன் விழுந்ததும் பீமராவ், "யமுனா, காபி" என்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"ஜெயிச்சாச்சா?" என்றாள் யமுனா.

"இது சும்மா எல்லைச் சண்டை. கோட்டை பத்திரமா இருக்கு." போனிலிருந்து கண்ணை எடுக்காமலே டம்ளருக்குக் கையை நீட்டினார்.

கல்லூரி நாட்களில் மெயின்கார்டு கேட் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, திரையில் அசைந்ததையெல்லாம் சுட்டவர் அவர். கல்யாணமான புதிதில் போனுக்குள் விமானத்திலிருந்து குதித்து, புதரில் படுத்துக்கொண்டு சுட்டார். நாற்பதை நெருங்கியதும், தன் ரசனை முதிர்ந்துவிட்டதாக அறிவித்தார். இப்போது போனிலேயே கோட்டை, களஞ்சியம், கூட்டணி என்று ராஜ்யம் ஆளும் விளையாட்டு.

"சுடறது விரலோட வேலை. சுட வைக்கிறதுதான் மூளையோட வேலை" என்பார்.

மண்ணச்சநல்லூர்ப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி ஒரே மாலையில் அவரை மூன்று முறை சுட்டு வீழ்த்தியதும், ரசனை முதிர்ந்ததும் ஒரே வாரத்தில் நடந்தவை. அதை அவர் சொல்வதில்லை.

"ஏங்க, அடுத்த ஞாயிறாவது முசிறி போயிட்டு வரலாமா? அப்பா இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கார். தினம் உங்களைத்தான் கேக்கறார்."

"நீ போயிட்டு வாயேன்."

"ரெண்டு தடவை போயாச்சு. மாப்பிள்ளை ஏன் வரலைன்னு கேட்டா என்ன சொல்லட்டும்? கோட்டைக்குக் காவல் இருக்கார்னா?"

"ஞாயித்துக்கிழமைதான் எல்லாரும் படை எடுப்பாங்க, யமுனா. இந்தக் கோட்டை இருக்கிற வரைக்கும் என்னால நகர முடியாது. விழுந்துச்சுன்னா சொல்லு, அன்னைக்கே பையைத் தூக்கறேன்."

யமுனா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்தத் தென்னூர் வீட்டில் அப்படிப்பட்ட மௌனங்கள் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் சமாதானம் என்றே பீமராவ் எடுத்துக்கொள்வார்.

நாலரை மணி நெருங்கியது. போன் ஒலித்தது. கூட்டணியின் துணைத்தளபதி அர்ஹம். பாலக்கரையில் கடை வைத்திருப்பவன்.

"அண்ணே, அந்த அகண்டகாவேரிங்கறவன் படையை நம்ம எல்லையில கொண்டு வந்து நிறுத்தியிருக்கான். எங்கயும் போயிடாதீங்க."

"ராகு காலம் வருது அர்ஹம். ஆறு மணிக்குப் பாத்துக்கலாம்."

"அவன் ராகு காலம் பாப்பான்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னது?"

"பேரைப் பாருடா. அகண்டகாவேரி! காவேரி அகண்டு ஓடற முசிறிப் பக்கத்து ஆளாத்தான் இருப்பான். துப்பாக்கி விளையாட்டுன்னா எந்நேரமும் சுடலாம். இது ராஜ்யம். நம்ம ஊருக்காரன் எவனாவது ராகு காலத்துல படை எடுப்பானா?"

ஸ்ரீரங்கத்தில் வாங்கி மாட்டிய நாள்காட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு, போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். இடுப்பொடிந்த மாமனாரைப் பார்க்க நேரம் இல்லாதவருக்கு ராகு காலம் பார்க்க நேரம் இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டு சுராயா, கணவர் குவைத்தில். எந்நேரமும் போனும் கையுமாக இருப்பவர். வந்தால் அரை மணி நேரம் பேசாமல் போகமாட்டார். அன்று தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"சார் ஃப்ரீயா இருக்கார் போல?"

"ஆறு மணி வரைக்கும் ஃப்ரீதான் அக்கா. உள்ள வாங்களேன்" என்றாள் யமுனா.

"இல்லம்மா, வேலை கிடக்கு" என்று சுராயா அவசரமாகப் போய்விட்டார்.

"பாத்தியா," என்றார் பீமராவ். "நேரத்தோட அருமை தெரிஞ்சவங்க."

ஃபிரிட்ஜ் மேல் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. நல்ல நேரம் வரட்டும் என்று பீமராவ் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார். யமுனா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு அடித்ததும் போனை எடுத்தார். திரையில் கோட்டை இல்லை. புகை இருந்தது. புகைக்கு மேலே அகண்டகாவேரியின் கொடி.

"எத்தனை தடவைண்ணே கூப்பிடறது!" என்றான் அர்ஹம். "நாலரை தாண்டினதும் உள்ள வந்தான். காவல் படையை இறக்கற சாவி உங்ககிட்ட. நாங்க வேடிக்கை பாத்தோம்."

"ராகு காலத்துலயா வந்தான்?" என்று பீமராவ் திரும்பத் திரும்பக் கேட்டார். கோட்டை போனதை விட அதுதான் அவருக்கு அதிர்ச்சி.

யமுனா ஈரத்துண்டு கொண்டுவந்து நெற்றியில் போட்டாள். "போனா போகுது விடுங்க" என்றாள். அவ்வளவு பரிவை அவர் சமீபத்தில் கேட்டதில்லை.

ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டணி கலைந்தது. அர்ஹம், கொஞ்சமும் வெட்கமில்லாமல், அகண்டகாவேரியிடமே போய்ச் சேர்ந்தான். பீமராவ் துப்பாக்கிக்குத் திரும்பிவிட்டார். எளிமைதான் முதிர்ந்த ரசனை என்று இப்போது சொல்லிவருகிறார். அடுத்த ஞாயிறு முசிறியில் மாமனார் மாப்பிள்ளைக்காகக் காலையிலேயே சவரம் செய்துகொண்டு காத்திருந்தார்.

அந்த ஞாயிறு, சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பிய முசிறி பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. ஜன்னலோரம் பீமராவ் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். யமுனா போனை எடுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"சுராயாக்கா, பஸ் ஏறிட்டோம். கோட்டையை மட்டும் திருப்பிக் குடுத்துடாதீங்க."