ஹீலியமும் நீராவியும்

ஒரே ஒரு ஊரில் ஒரு பொத்தான் இருந்ததாம். அதை யார் முதலில் அமுக்குகிறார்களோ அவர்களுக்குத்தான் வாய் திறக்க உரிமையாம். கேள்வி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் நடுவில் குறுக்கிட்டுத் தப்பாகச் சொன்னால் ஐந்து புள்ளி போச்சு.

ஊர், அமெரிக்காவில் மினசோட்டாவின் வடக்கு. பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. கல்லூரிகளுக்கான வினாடி வினா, இறுதிச் சுற்று.

ஹோடனின் அணி 250. மாரிட்டின் அணி 240. மிச்சம் ஒரே கேள்வி, பத்துப் புள்ளி. ஜெயித்தால் சிக்காகோவில் தேசியப் போட்டி.

மாரிட்டுக்கும் அவள் தோழன் கோல்பிக்கும் இது கடைசி வருஷம். இதை விட்டால் சிக்காகோ இல்லை.

"ஹோடன் மட்டும் அமுக்காம இருக்கணும்," கோல்பி முணுமுணுத்தான். "அவளுக்கு இருக்கறது மூளை இல்ல, நூலகம்."

"வாயை மூடு. கேளு."

கேள்வி வாசிப்பவர் நீமி சார். பதினோரு வருஷமாக அவர்தான். கடைசித் தாளை எடுத்தார்.

"அறிவியல். ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும் இந்த வாயு..."

நிறுத்தினார். தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

டிங்! ஹோடன்.

"ஹீலியம்."

அரங்கமே அவளைத் திரும்பிப் பார்த்தது. வேதியியல் படிக்கிறவள்!

"தப்பு. ஐந்து கழிகிறது," என்றார் நீமி.

கோல்பி மேசைக்கடியில் மாரிட்டின் காலை மிதித்தான். ஹோடன் அணி இனி இந்தக் கேள்விக்கு வாய் திறக்க முடியாது. 245க்கு 240. சரியாகச் சொன்னால் கோப்பை.

நீமி தாளை மறுபடி தூக்கினார். "நிறமும் மணமும்..."

டிங்! மாரிட்.

கோல்பி சிரித்தேவிட்டான்.

"நீராவி," என்றாள் மாரிட்.

இரண்டு அணியும் தவறவிட்டால் வாசிப்பவர் பதிலைச் சொல்லலாம், கட்டாயமில்லை. நீமி சொல்லவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஹோடனின் அணி வெற்றி."

கை தட்டி முடித்துக் கூட்டம் குளிர்கோட்டுகளைத் தேடியது. கோல்பி மாரிட்டைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"நீராவியா? நீராவியா! எங்க வீட்டு நாய்க்குக்கூட அந்தப் பதில் தெரியும்!"

"அப்போ அதை அணியில சேத்திருக்கலாம்."

"ஜோக்கடிக்காத மாரிட். நாலு வருஷம்! தட்டுல வச்சு நீட்டினா ஹோடன். நீ தட்டிவிட்டுட்ட."

ஹோடன் வந்து நின்றாள். "விடு கோல்பி. எனக்கும்தான் தெரியல."

"நீ பேசாத! பலூனுக்கு அடைக்கறதை ரத்தத்துல ஏத்தறா!" மேசைமேல் கிடந்த தாளை எடுத்துப் புரட்டினான். "இதோ பாரு, கார்பன் மோ..."

"சத்தமாச் சொல்லாத!" இருவரும் ஒரே குரலில்.

"ஏன்?"

மாரிட் குரலைத் தாழ்த்தினாள். "ஈரோ எப்படிச் செத்தான்?"

கோல்பி தாளைக் கவிழ்த்துப் பிடித்தான்.

ஈரோ, நீமியின் மகன். போன மாதம், உறைந்த ஏரிமேல் துளையிட்டு மீன்பிடிக்கப் போடும் குடிசைக்குள் எரிவாயு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினான். எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு இவர்கள் மூன்று பேருமே போயிருந்தார்கள்.

"சரியாச் சொன்னாலும் வாசிக்கறதை நிறுத்தியிருப்பாரே?" கோல்பியின் குரல் இறங்கிவிட்டது.

"அவர் முகத்தைப் பாத்து அந்தப் பேரைச் சொல்லணுமே," என்றாள் ஹோடன். "என் வாயில வரல."

"இவ ஹீலியம்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றாள் மாரிட். "நானும் உடனே தப்பாச் சொன்னாத்தானே, அந்தப் பேரும் வராது, அவர் வாசிக்கறதும் நிக்கும்?"

கோல்பி தாளைப் பார்த்தான். "எந்த முட்டாள் இந்தக் கேள்விய எழுதி அவர் கையிலயே குடுத்தான்?"

"நான்தான்."

பின்னால் நீமி நின்றிருந்தார்.

மூவரும் தலை குனிந்தார்கள்.

"ஏரிமேல இப்பவும் முப்பது நாப்பது குடிசை நிக்குது. இங்க இருக்கற பசங்கள்ல பாதிப் பேர் நாளைக்கு அங்கதான் போவாங்க. நோட்டீஸ் ஒட்டினா யார் படிக்கறீங்க? புள்ளி உண்டுன்னு சொன்னா மட்டும் ஒரு சொல் விடாம கேப்பீங்க. அதான் எழுதினேன்." கையிலிருந்த குல்லாயைத் திருப்பினார். "எழுத முடிஞ்சுது. ரெண்டு வரிக்கு மேல வாசிக்கத்தான் முடியல. சிக்காகோவையே விட்டுக்குடுத்தவ ஒருத்தி, விடத் துணிஞ்சவ இன்னொருத்தி. பெரிய மனசு கண்ணுங்களா. ஆனா கேள்வி பாதியிலயே நிக்குதே."

ஹோடன் கோல்பியின் கையிலிருந்து தாளை வாங்கினாள். மாரிட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பிடித்துக்கொண்டாள். ஹோடன் அதன்மேல் ஏறினாள்.

"யாரும் போகாதீங்க! கடைசிக் கேள்வி இன்னும் முடியல!"

கோட்டில் ஒரு கையை நுழைத்தபடியே கூட்டம் நின்றது. ஹோடன் வாசித்தாள்.

"நிறமும் மணமும் இல்லாத இது, மூடிய குடிசைக்குள் ஹீட்டர் எரியும்போது தலைவலியாக ஆரம்பித்துத் தூக்கமாக முடியும். காற்றுப் போக வழி விட்டு, பக்கத்தில் எச்சரிக்கை மணி ஒன்றையும் வைத்திருந்தால் போதும், இருபத்திரண்டு வயது மகன் காலையில் வீடு திரும்பியிருப்பான். பத்துப் புள்ளிக்கு, இந்த வாயுவின் பெயரைச் சொல்லுங்கள்."

அத்தனை பேருக்கும் பதில் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

"கார்பன் மோனாக்சைடு," என்றார் நீமி.

"சரியான பதில்," என்றாள் ஹோடன்.

அவர் தலையை ஆட்டினார். குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு பனியில் இறங்கி நடந்தார்.