இடுப்பில் இரண்டு அங்குலம்

மாமியார் மருமகளின் இடுப்பை அளந்தார். நம்பிக்கை வராமல் டேப்பைச் சரிசெய்து மறுபடி அளந்தார். கல்யாணத்துக்குத் தைத்த அளவைவிட முழுசாக இரண்டு அங்குலம் கூடியிருந்தது.

"பரவாயில்ல, உள்ள துணி விட்டே தைக்கிறேன். இனிமே மாசாமாசம் பிரிக்க வேண்டியிருக்கும்ல" என்று சிரித்தார். சாக்பீஸால் துணியில் கோடு போடும்போதும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

மருமகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அடுக்களையில் நின்ற வாக்கிலேயே பானையிலிருந்து மூன்று கரண்டி சோறு அள்ளிச் சாப்பிட்டிருந்தாள். அந்த மூன்று கரண்டியும் டேப்பில் தெரிந்துவிட்டது போல உடம்பு கூசியது.

முன்னறையில் மெஷின் போட்டு முப்பது வருஷமாகத் துணி தைக்கிறவர் மாமியார். ஊர் இடுப்பையெல்லாம் அளந்த கண்ணுக்கு வீட்டு இடுப்பு தப்புமா? காலையில் எழுந்தால் மருமகள் ஒரு மணி நேரம் எதையும் வாயில் வைப்பதில்லை. வந்த புதிதில் ஆசையாகச் சாப்பிட்ட ரொட்டியைக் கண்டால் இப்போது தட்டை நகர்த்துகிறாள். பதினொரு மணியானால் அடுக்களையில் பாத்திரம் உருளுகிறது. கல்யாணமாகி நாலாவது மாதம். வேறென்ன சாட்சி வேண்டும்?

நாத்தனாருக்கு போன் போனது. பக்கத்து வீட்டுக்காரிக்கு போன் தேவைப்படவில்லை, மதில் சுவரே போதும். சாயங்காலத்துக்குள் கூடை நிறையப் பழம் வந்து இறங்கியது. இனிமேல் இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும், கூச்சப்படாதே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் தலையை இன்னும் குனிந்துகொண்டாள். புதுப்பெண் வெட்கப்படுகிறாள் என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

அவளுக்குத் தைராய்டு சுரப்பி மந்தம். நாலு வருஷமாக விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் பட்டினி. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றாங்க, நாம ஒண்ணே ஒண்ணத்தானே மறைக்கிறோம்" என்று சம்பந்தம் பேசும்போதே அம்மா சொல்லிவிட்டாள். நல்லவேளையாக, கணவன் விடியும்போதே நடக்கப் போய்விடுவான். வந்த பிறகும் காபிக்கு அவசரப்படுத்த மாட்டான். அந்த இடைவெளியில் மாத்திரை உள்ளே போய்விடும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மா வீட்டுக்குப் போனபோது ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டர், கோதுமையும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அறவே நிறுத்து என்றார். அதுவரை குருவி கொத்துகிற மாதிரி சாப்பிட்டவள். கோதுமையை விட்ட மூன்றாவது வாரம் வந்தது பாருங்கள், பசியா அது? சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளை எப்போது என்று இருந்தது.

வந்து நாலு மாதமான மருமகள் மூன்றாம் தடவை சோறு கேட்டால் என்ன நினைப்பார்கள்? எல்லார் முன்னாலும் கொறித்துவிட்டு மீதியை அடுக்களையில் திருட்டுத்தனமாகத் தின்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது பரவாயில்லை. இவள் சோற்றையே மறைக்கப் பார்த்தாள்.

மறுநாள் காலை மாமியார் மெஷினில் குனிந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை. வேலை விஷயமாக வெளியூர் போயிருந்த மகன் அன்று மத்தியானம் வருகிறான்.

"இதை அவன் கையில குடுத்து நீயே சொல்லும்மா" என்று நூலைக் கடித்து நீட்டினார்.

அந்தச் சட்டையைக் கையில் வாங்கியதும் அவளுக்குத் தாங்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"நான் முழுகாம இல்ல அத்தை. வெறும் பசி. எனக்குத் தைராய்டு இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சு, மறைச்சுட்டோம்."

கோதுமையை விட்டது, பானையில் கை வைத்தது என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். மத்தியானம் அவன் வந்ததும் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தாள். அவமானத்தில் காதெல்லாம் எரிந்தது.

 மாமியார் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் மருமகளை நிமிர்ந்து பார்க்காமல் விரலில் நூலைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"அவன் வந்ததும் அவனை ஒண்ணும் கேக்காதம்மா. அவன் சொல்லிடலாம்னுதான் சொன்னான். நான்தான் தடுத்துட்டேன்."

"எதை அத்தை?"

அவர் மெஷினைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவனும் ஆறு வருஷமா அதே மாத்திரைதாம்மா சாப்பிடறான்."