நூற்றுப் பதினெட்டு பேர்

சுவடி அலமாரியை இன்றைக்கே பின்கட்டு அறைக்கு மாற்றச் சொன்னார் செயலாளர் உடையப்பன்.

"அந்த அறை ஒழுகும் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜைமேல் நின்ற காளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காளை அரையடி உயரம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெறும் வெளிச்சமாக நின்று வாலை ஆட்டியது. சென்னைக் கம்பெனியிலிருந்து அதைக் கொண்டுவந்திருந்த பிரிட்டோ, நீ எந்த ஊர் என்று அதைக் கேட்டார். திண்டுக்கல் சீமை என்றது காளை. கமிட்டி ஆட்கள் கைதட்டினார்கள். இது மாதிரிதானாம். வாங்கினால் ஆள் உயரத்துக்கு நிற்குமாம், கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாகல் நகரில் ஒரு பழைய ஓட்டு வீடு, நடு ஹாலும் மூன்று அறையும். இதுதான் எங்கள் அருங்காட்சியகம். ஒன்பது வருடமாக நான் இதற்குக் காப்பாளர். உருப்படியான பொருள் என்றால் அகரத்துக் குடும்பம் ஒன்று கொடுத்த மாட்டு வைத்தியச் சுவடிகள், நாற்பத்திரண்டு கட்டு. கோமாரிக்கு என்ன அரைத்துக் கொடுப்பது, கன்று வயிற்றில் குறுக்கே கிடந்தால் எப்படித் திருப்புவது, எல்லாம் அதில் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது.

போன ஐப்பசி மழையில் ஏழு கட்டில் பூஞ்சை பிடித்தது. தூரிகையால் துடைத்தேன். பூஞ்சையோடு எழுத்தும் வந்துவிட்டது.

நான் கேட்டது என்ன? ஓடு மாற்றணும். காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்ச இரண்டு மெஷின். ஏடுகளைப் படம் எடுத்து வைக்க ஒரு நல்ல கேமரா. மூன்று வருடமாக இதே மனுவைத்தான் கொடுக்கிறேன். இந்த வருடம்தான் நிதி வந்தது. கூடவே காளையும் வந்துவிட்டது.

"ஈரம் உறிஞ்சுறத எவன்மா வந்து பாக்கப் போறான்?" என்றார் உடையப்பன்.

குரலை அடக்க முடியவில்லை. கரண்ட் போனால் இந்தக் காளை நிற்குமா என்று கேட்டேன். ரிப்பேர் ஆனால் சென்னையிலிருந்து யார் வருவார்கள், இரண்டு வருடம் கழித்து இதன் உதிரிபாகம் கிடைக்குமா, இதில் ஒன்றையாவது யாராவது கேட்டீர்களா என்று கேட்டேன். கமிட்டியில் ஒருவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

பிரிட்டோவுக்குக் கோபமே வரவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

முன்வாசல் நிலையில் ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைகிற ஒவ்வொரு ஆளையும் எண்ணி, கமிட்டி ஆட்களின் போனுக்கும் என் போனுக்கும் அனுப்பிவிடும். ஆறு மாதமாகத் தினசரி சராசரி நூற்றுப் பதினெட்டு பேர் என்று காட்டினார். இம்மாதிரிக் கூட்டத்துக்கு நடு ஹாலில்தான் காளையை நிறுத்தணும், அலமாரி அங்கே இடைஞ்சல் என்றார்.

உடையப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா ஆனந்தி, அம்புட்டு சனம் வருது, நீ இன்னும் ஏடு, பூஞ்சைன்னுக்கிட்டு இருக்க. அந்த எண்ணிக்கை தப்புன்னா சொல்லு. இப்பவே இந்தத் தம்பியத் திருப்பி அனுப்பிருறேன்."

தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கமிட்டி ஆட்கள் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த ஆறு மாதத்தில் ஒருவராவது, ஒரே ஒரு மத்தியானம், அந்த வாசலில் வந்து நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அவர்களுக்கே எல்லாம் தெரிந்திருக்கும். போனில் நம்பர் வருகிறவர்களுக்கு வாசல் எதற்கு?

அவர்கள் போனதும் நானும் முத்துப்பேச்சி அக்காவும் அலமாரியைத் தள்ளினோம். டிக்கெட் கிழிப்பதும் கூட்டுவதும் அக்காதான். பின்கட்டு அறையில் ஒழுகாத மூலையாகத் தேடினோம், இல்லை. தார்ப்பாயை எடுத்து அலமாரிமேல் போர்த்தினேன். ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம்தான்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மேடம், மணி மூணாச்சு. இன்னிக்கு நடக்கணுமா, வேணாமா?"

சென்சார் வைத்த முதல் வாரம் சராசரி பதினான்கு என்று வந்தது. எந்த மாதம் சராசரி நூற்றுக்குக் கீழே போகிறதோ அந்த மாதத்தோடு இழுத்து மூடிவிடலாம் என்று உடையப்பன் எழுதி அனுப்பினார். மூடினால் சுவடிகள் எந்தக் கிட்டங்கியில் மூட்டைகளோடு கிடக்குமோ தெரியாது. மறுநாள் மத்தியானத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் முன்வாசலில் நுழைந்து, பக்கவாசலில் இறங்கி, மறுபடி முன்வாசலில் நுழைகிறோம். ஆளுக்கு ஐம்பது சுற்று. கோயிலைச் சுற்றியிருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும் என்பாள் அக்கா.

யாரைத் திட்ட? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது நான்.

போனை எடுத்துப் பார்த்தேன். கமிட்டி ஆட்களையும் காளைக்காரரையும் சேர்த்து, இன்றைக்கு இதுவரை பதினாறு பேர்.

ஐந்து மணிக்குள் இன்னும் எண்பத்து நான்கு பேர் வந்தாகவேண்டும்.

"வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு முன்வாசலுக்கு நடந்தேன்.