பூஜைக்குக் கழுவிய வண்டி

சென்னிமலை பின்சக்கரத்து மோட்டரின் மூடியை நெம்பினார். மூடி கையோடு வந்துவிட்டது. கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் விரித்திருந்த சாக்கின் மேல் கொட்டியது.

"போச்சு" என்றார், பக்கத்தில் ஆளே இல்லாமல்.

வீதி முழுக்க ஆயுத பூஜை. எதிர்வீட்டு ஆட்டோவுக்கு மாலை போட்டாயிற்று. இவர் வாசலில் மட்டும் மகள் இனியாவின் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பின்சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் நின்றது.

கெடுத்தது வேறு யாருமில்லை. சாட்சாத் அவரேதான்.

காலையில் வாட்டர் சர்வீஸ் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கூட்டம் நெரிந்தது. பொறுமை இல்லாமல் குழாயைத் தானே வாங்கி, பின்சக்கரத்தின் நடுவில் வைத்துப் பீய்ச்சினார். மோட்டர் பக்கம் வேண்டாமென்று கடைக்காரர் சொல்லத்தான் செய்தார்.

"தண்ணிக்குப் பயந்தா அது என்ன மோட்டருங்க?"

கேட்டுவிட்டுச் சிரித்தார் மனுஷன். சிரிக்க மாட்டாரா பின்னே? ஆவாரம்பாளையத்தில் பாதி வயதை போர்வெல் மோட்டருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டியே கழித்தவர். அவர் கட்டுகிற மோட்டருக்குள் தண்ணீரை நிரப்பித்தான் குழிக்குள் இறக்குவார்கள். தண்ணீரும் மோட்டரும் மாமன் மச்சான் என்கிற நினைப்பிலேயே வளர்ந்த ஊர் இது.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் சார்ஜ் ஏற்றி, ஸ்விட்சைப் போட்டு முறுக்கினார். கர்ரென்று ஒரு சத்தம். சக்கரம் நின்றுவிட்டது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சரி, சறுக்கட்டும். சறுக்கியது மகளின் பிழைப்பில் அல்லவா?

இனியாவைக் கட்டிக்கொடுத்த இடம் கிணத்துக்கடவுக்கு உள்ளே, தென்னந்தோப்புக்கு நடுவில். பஸ் போகாத இடம். மலுமிச்சம்பட்டி கம்பெனி வேலையை அவள் விடமாட்டேன் என்றாள். பஸ்ஸுக்கு நடுரோட்டில் நிற்கிற மருமகள் ஆகாது என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். அதற்காகவே சென்னிமலை சீரோடு சீராக இந்த வண்டியையும் நிறுத்தினார். வண்டி இருந்தால் வேலை. வண்டி படுத்தால், சம்பந்தியம்மா வாய் திறக்கவே வேண்டாம், வேலை தானாகப் போய்விடும்.

முதல் பூஜையை நம் வாசலில்தான் போடவேண்டும் என்று பிடிவாதமாக வரச்சொன்னதும் இவர்தான். சார்ஜ் இறங்கிப்போச்சு என்று சொல்லி, தேங்காய் லோடு வந்த குட்டியானை வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு நேற்று வந்து இறங்கியிருந்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடிந்தது.

நாளை மறுநாள் அவளுக்குக் காலை ஷிப்ட். அதற்குள் இது ஓடியாகவேண்டும்.

வேட்டி முனையாலேயே தண்ணீரை ஒற்றினார். பேரிங் பிடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டார், அசையவில்லை. இன்றைக்குக் கடைகண்ணி எல்லாம் பூஜை போட்டுப் பூட்டிவிடுவார்கள், யாரிடம் போய் நிற்பது? மருதமலை முருகா, என்னை என்ன வேணாலும் செய், புள்ள வேலையில மட்டும் கை வைக்காதே என்று வாய்விட்டே கெஞ்சினார்.

காயில் சட்டத்தை உருவி வெயிலில் திருப்பினார். துரு.

ஸ்குரூ டிரைவரால் சுரண்டினார். பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. மறுபடி சுரண்டினார். அடியிலும் துருதான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

காலையில் அடித்த தண்ணீருக்கு இந்நேரம் லேசாக ஒரு மஞ்சள் பூத்திருக்கும், அவ்வளவுதான். இது மாதக்கணக்கில் ஏறிய துரு. ஓடுகிற சக்கரத்தில் இப்படிப் பிடிக்காது. ஆடி மழையில் வெட்டவெளியில் நிறுத்தி, அதற்கப்புறம் ஒருவரும் தொடாத வண்டி இது.

நேற்று முன்தினம்கூடப் போனில் சொன்னாளே. வேலை முடிஞ்சு இப்பத்தானுங்கப்பா வண்டியை நிறுத்தினேன் என்று. தினமும் அதையேதான் சொன்னாள். அதைக் கேட்டு இந்த மடையன் தினமும் நிம்மதியாகச் சோறு தின்றான்.

நிமிர்ந்தார். பொரித் தட்டோடு இனியா வாசல்படியில் நின்றிருந்தாள். அவர் கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. நேற்று வந்ததிலிருந்து இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று?

சட்டைப்பையில் போன் அடித்தது. மாப்பிள்ளை மதன்குமார். வீட்டில் வேலை கிடக்கிறது, சாயங்காலமே இனியாவை அனுப்பிவிடுங்கள் என்றார்.

சென்னிமலை துருப்பிடித்த சட்டத்தைச் சாக்கின் மேல் வைத்தார்.

"ஒரு தப்பு நடந்துபோச்சுங்க மாப்ளை. கழுவறேன்னு தண்ணியை அடிச்சு மோட்டரை நானே கெடுத்துப்போட்டனுங்க. வண்டி சரியாகற வரைக்கும் புள்ள இங்கயே இருக்கட்டுமுங்க."

வண்டி சரியாக எத்தனை நாளாகும் என்று அந்தப் பக்கம் அதட்டலாகக் கேட்டது.

இனியாவின் கையில் தட்டு சரிந்து பொரி படியெல்லாம் சிந்திக்கொண்டிருந்தது.

"அதைப் புள்ளதான் சொல்லோணுமுங்க" என்றார் சென்னிமலை.