லயத்துக்கு வந்த ரேடியோ

"டேய் ரேடியோகாரா, திரும்பிப் போடா!"

மொத கல்லு சதாசிவம் தோள்ல பட்டுச்சு. ரெண்டாவது கல்லு அவரு தொப்பிய தட்டி ரோட்டுல உருட்டிருச்சு. அவருக்குப் பின்னால லாரியில நெஞ்சு ஒசரத்துக்கு ஒரு ரேடியோ பெட்டி, பளபளன்னு, ஒரு கீறல் இல்லாம நிக்குது.

வருசம் 1937. மலாயாவுல, பெக்கோக் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம். புள்ளத்தாச்சி காளியம்மாவ கங்காணி மிதிச்சுட்டான், அவன வெரட்டுற வரைக்கும் பால் வெட்ட மாட்டோம்னு சனங்க ஒக்காந்துட்டாங்க. பெரிய தொரை என்னா செஞ்சாரு? அரிசி ஸ்டோர பூட்டிட்டாரு. வெளியிலேர்ந்து எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு கேட்டுல துப்பாக்கியோட ரெண்டு பேர நிக்க வச்சுட்டாரு.

இன்னிக்கு அஞ்சாவது நாளு. சனங்க குடியிருக்குற லயத்துக்குப் பின்னால இருந்த மரவள்ளி, காட்டுக்கீரை எல்லாம் தீந்துபோச்சு.

"நாளைக்கு முடிஞ்சிரும் சார்," கணக்கெழுதுற கிராணி லியோனார்ட் தொரை காதுல சொன்னாரு. "புள்ளைங்க அழுவுறத எவ்ளோ நேரம் கேப்பாங்க? காலைல பேரு கூப்புடுறப்ப எல்லாம் வந்து நிப்பாங்க பாருங்க."

இந்த நேரம் பாத்துத்தான் சதாசிவம் வந்து எறங்குனாரு. ஒரு காலத்துல தொரைமாரு பங்களாவுல வயர் இழுத்துட்டு இருந்த ஆளு. இப்ப ஜோகூர் பாருல ரெண்டு மாடி ரேடியோ கடை. ரெண்டு வருசமா கடைய தம்பிகிட்ட விட்டுட்டு தர்மம் பண்ண கெளம்பிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு கட்டில், பள்ளிக்கோடத்துக்கு பெஞ்சு.

"தொரைங்களுக்கு ரேடியோ வித்து கொழுத்தவன் நீ! இப்ப எங்க தலையில புண்ணியம் தேட வந்துட்டியா?" கேட்டு கம்பிய புடிச்சிக்கிட்டு கத்துனது பேச்சியம்மாள். லயத்துல அவ வச்சதுதான் சட்டம். "ஒரு பெஞ்சு குடுத்தா அதுல பேரு வெட்டிக்கிறவன்தானடா நீ!"

"ஏய், மரியாதையா பேசு!"

"புள்ள சோறு கேக்குது, நீ பாட்டு கொண்டாந்திருக்க! ஒனக்கு எதுக்குடா மரியாத?"

தொரை சத்தம் கேட்டு மெதுவா நடந்து வந்தாரு. பதினஞ்சு வருசமா தோட்டத்துல இருக்குற ஆளு, தமிழு நல்லா வரும், திட்றதுக்கு மட்டும்.

"யாரு ஒன்ன கூப்டா? எதுவும் உள்ள வராது. போ."

"தொரை, வேல நிறுத்தம்னு கேள்விப்பட்டேன்," சதாசிவம் தோள தேச்சுக்கிட்டே சொன்னாரு. "பாட்டு கேட்டா கோவம் தணியும்னு ஓசியில குடுக்க வந்தேன். இதுங்க நன்றிகெட்ட சனங்க. வேணாம்னா வேணாம். டிரைவர், வண்டிய திருப்பு."

"திருப்புடா! உள்ள வந்துச்சு, கொளுத்திருவோம்!" பேச்சியம்மா காறித் துப்புனா. பின்னால எரநூறு பேரும் ஓன்னு கத்துனாங்க.

தொரை மொகம் மாறுச்சு.

அவருக்கு எப்பவும் ஒரே புத்தி. கூலிங்க வேணும்னு கேட்டா அது கெட்டது, வேணாம்னு கத்துனா அது நல்லது. மலேரியாவுக்கு கொய்னா மருந்து, அம்ம ஊசி, கக்கூசு, எல்லாத்தையும் அப்டித்தான் அந்தத் தோட்டத்துக்குள்ள கொண்டாந்தாரு.

"நில்லு," தொரை சொன்னாரு. "லயத்துக்குள்ள வெயி. ராத்திரி பகலா பாடட்டும்."

லியோனார்டுக்கு மட்டும் மனசு ஒப்பல. லாரியில ஏறி பெட்டிய தட்டிப் பாத்தாரு. "அலமாக், இவ்ளோ கனம்? கீழ என்னாய்யா?"

"பேட்டரி. லயத்துல கரண்டு இருக்கா என்னா?" சதாசிவம் மேல இருந்த பித்தானத் திருப்புனாரு. கரகரன்னு ஒரு பாட்டு வந்துச்சு. "போதுமா?"

"கீழயும் தொறங்க. பாக்கணும்."

"ஆசிட்டுய்யா. கை வெந்துரும்."

"பரவால்ல. தொறங்க."

லியோனார்ட் பின்பக்கம் குனிஞ்சு ஸ்க்ரூவுல கைய வச்சாரு. அப்ப வந்துச்சு பாருங்க ஒரு கல்லு! பேச்சியம்மா குறி பாத்து எறிஞ்சது. சதாசிவம் நெத்தி பொளந்து, வெள்ள சட்டையில ரத்தமா ஊத்துச்சு. சனங்க கேட்டப் புடிச்சு ஆட்டுறாங்க. லியோனார்ட் லாரியிலேர்ந்து குதிச்சு தொரை பின்னால ஒளிஞ்சாரு.

"கொண்டு போ உள்ள!" தொரை மூஞ்சி செவந்து கத்துனாரு. "எவனாவது அந்தப் பெட்டிய தொட்டா சுடுவேன்!"

கேட்டு தொறந்துச்சு. துப்பாக்கிக்காரன் ரெண்டு பேரும் வழி வெலக்கி விட, லாரி லயத்துக்குள்ள போச்சு. ஆறு பேரு தூக்கி பேச்சியம்மா வீட்டுக்குள்ளயே வச்சாங்க. அதுவும் தொரை உத்தரவுதான், அவ காதுலயே பாடணுமாம். காவலுங்க கேட்டுக்குத் திரும்பிட்டாங்க.

பாட்டு சத்தமா ஓடுது. ரேடியோகாரரு செவத்துல சாஞ்சு நெத்தியப் பொத்திக்கிட்டு ஒக்காந்திருக்காரு, வெரலு இடுக்குல ரத்தம் வழியுது. சுத்தி பொம்பளைங்க.

பேச்சியம்மா உள்ள வந்து கதவுக்கு தாப்பா போட்டா. கூரையில சொருகியிருந்த பால் வெட்டுற கத்திய உருவுனா. நேரா பெட்டிகிட்ட போயி, பின்பக்கத்துப் பலகையில கத்திய சொருகி ஒரே நெம்பு.

"அண்ணன் நெத்திக்கு துணி கட்டுங்கடி, நான் அரிசிய எறக்குறேன்."